எதிர்பார்க்கும் தேதி

ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது பேருக்காவது
எதிர்காலத்தைத் தட்டச்சு செய்கிறேன்.

சாரதா கல்லூரிச் சாலையில் ஒரு ஸ்கேன் சென்டர்.
காலை எட்டரை முதல் ஒன்றரை வரை.
உள்ளறை இருட்டிலிருந்து டாக்டர் சொல்லச் சொல்ல
தலைச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம்,
பனிக்குட நீர் போதுமான அளவு,
இதயத் துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு.
கடைசி வரியில்
பிரசவம் எதிர்பார்க்கும் தேதி.
அந்த வரியைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள்,
ஓமலூரிலிருந்து வந்தவர்கள், வாழப்பாடியிலிருந்து வந்தவர்கள்,
ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி
இருபது வளைவின் குமட்டலோடு
பெஞ்சில் சாய்ந்திருப்பவர்கள்.

வாசலில் பெரிய எழுத்தில் பலகை:
இங்கு கருவின் பாலினம் தெரிவிக்கப்பட மாட்டாது.
தெரிவிக்கப்படாத மற்ற விஷயங்களுக்குப்
பலகை இல்லை.

மூணு மாசம் பார்க்கலாம் என்றுதான் சேர்த்துக்கொண்டார்கள்.
பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.
ஏழு வருடத்தில் மிஷின் இரண்டு முறை மாறிவிட்டது.
புது மிஷினுக்கு ஐந்து வருட ஒப்பந்தம்.
அது தும்மினால் சென்னையிலிருந்து ஆள் வருகிறார்,
அவருக்கு டீ வாங்கப் போகிறவள் நான்.

மாலை நான்கரை முதல் ஒன்பதரை வரை
அம்மாப்பேட்டையில் ஒரு சூப்பர் மார்க்கெட்,
இரண்டாம் பில் கவுன்ட்டர்.
ஐந்தும் ஐந்தும் பத்து.
ஆனால் லோன் கேட்டுப் போன வங்கியில் சொன்னார்கள்:
"ரெண்டு பார்ட் டைம் சேர்ந்தா ஒரு ஃபுல் டைம் ஆகாதும்மா."
அவர்மேல் கோபமில்லை. நல்ல மனிதர்.
படிவத்தைத் திருப்பி இரண்டு கட்டங்களைக் காட்டினார்.
நிரந்தரம். தற்காலிகம்.
ஏழு வருடத்தைத் தற்காலிகத்தில் டிக் செய்யும்போது
பேனா எழுதவில்லை.
உதறி எழுதினேன்.

ஒன்றரைக்கும் நான்கரைக்கும் நடுவே
யாருடைய சம்பளத்திலும் சேராத மூன்று மணி நேரம்.
வீடு கொண்டலாம்பட்டி தாண்டி.
போய்ச் செருப்பைக் கழற்றினால்
உடனே மாட்ட வேண்டும்.
பழைய பஸ் ஸ்டாண்டில் டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு
சில நாள் கட்டணமில்லாத பஸ்ஸில் ஏறி
ஜங்ஷன் வரை போய்த் திரும்புவேன்,
உட்கார இடம் கிடைக்கிறதே என்று.
பூஜ்யம் ரூபாய் டிக்கெட்டைக் கிழிக்காமல் வைத்திருப்பேன்.
ஜன்னலில் சேர்வராயன் மலை வரும்.
மழை நாளில் மேகம் அதில் பாதியை எடுத்துக்கொண்டுவிடும்.
அப்போதும் அதை யாரும்
பாதி மலை என்பதில்லை.

போன செவ்வாய் ஒரு நாகலூர்க்காரி வந்தாள்.
கையில் யூனிஃபார்மோடு ஒரு சிறுமி,
முன்பல் இரண்டு இல்லை, வயிற்று வலி.
"இவ உள்ள இருக்கையில நீங்கதான் ரிப்போர்ட் அடிச்சீங்க.
பதினாலுன்னு போட்டீங்க,
பன்னெண்டாந் தேதியே வந்துட்டா!"
மகள் என்னையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"நான் ஒண்ணாவது. நீங்க எத்தனாவது?"
அறையே சிரித்தது.
நானும்தான்.
குடல்வால் இயல்பு என்று அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த டோக்கன் வருவதற்குள்
ஒரு வெற்றுப் படிவம் திறந்தேன்.
பெயர் வ. தமயந்தி. வயது முப்பத்து நான்கு.
கடைசி மாதவிலக்குத் தேதி கேட்டது.
வேலைக்குச் சேர்ந்த தேதியைக் கொடுத்தேன்,
ஜூன் இரண்டு.
கண் சிமிட்டுவதற்குள் கணக்குப் போட்டது,
மார்ச் ஒன்பது. கீழே சிவப்பில்:
தேதி கடந்துவிட்டது. சரிபார்க்கவும்.

சேமிக்கவா என்றது.
வேண்டாம் என்றேன்.

பதினோராம் டோக்கன்.
வயிறு முட்டத் தண்ணீர் குடித்து
அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மஞ்சள் புடவை,
உள்ளே வாங்க.